‘டிபி இல்லை’ என்றார்கள். இருமல் மட்டும் நிற்கவில்லை

வெண்ணாற்றங்கரையில் உள்ள ஒரு தெரு. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறோம். ஐம்பது வயதைக் கடந்தவர். பன்னிரண்டு வயதிலிருந்து நடவும் களையெடுப்பும்தான் வேலை. பதினோரு வருடங்களுக்கு முன்பு அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். குணமானது. அதற்குப் பிறகு குறுவை, சம்பா, தாளடி என்று ஒரு போகமும் விடாமல் வயலில் இறங்கினார்.

இரண்டு வருடங்களுக்கு முன் மறுபடியும் இருமல், மாலைக் காய்ச்சல். ரவிக்கை தொளதொளவென்று ஆனது. சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது. பழைய காசநோய்தான் திரும்பிவிட்டது என்று மாத்திரை தொடங்கினார்கள். நான்கு மாதம் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டும் இருமல் குறையவில்லை. சளியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. “உங்களுக்கு டிபி இல்லைம்மா. மாத்திரையை நிறுத்திக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“டிபி இல்லன்னு சொன்னதும் சாமி கும்புட்டேன் தம்பி. ஆனா டிபி இல்லன்னா நான் ஏன் இன்னும் இருமுறேன்? அத யாரும் சொல்லல” என்றார் அக்கா.

அந்த முடிவுச் சீட்டை அவர் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தோம். கீழே, ஆங்கிலத்தில், மூன்று எழுத்துகள்: என்.டி.எம். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மூன்று எழுத்துகளில் இருந்தது. எட்டு மாதமாக அது அவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

காசநோயை உண்டாக்கும் கிருமியை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் அறிவித்தார். அந்தக் கிருமி ஒரு பெரிய குடும்பத்தின் ஓர் உறுப்பினர் மட்டுமே. மைக்கோபாக்டீரியா என்ற அந்தக் குடும்பத்தில் தொழுநோய்க் கிருமியும் உண்டு. காசநோய்க் கிருமிகளையும் தொழுநோய்க் கிருமிகளையும் கழித்துவிட்டால் மிச்சம் ஏறத்தாழ 200 வகைகள். அவற்றையெல்லாம் சேர்த்துத்தான் ‘காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா’, சுருக்கமாக என்.டி.எம். என்கிறார்கள். மண்ணிலும் குளத்திலும் ஆற்று நீரிலும் குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பிலும் இவை வாழ்கின்றன. மற்றக் கிருமிகளைக் கொல்லும் குளோரின் அளவுக்கு இவை எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. (குடிநீர்த் தொட்டி என்றாலே நம் மக்களுக்கு வேறு நினைவுகள் வரும். அதை இன்னொரு வாரம் பேசுவோம்.)

நாம் தினமும் இவற்றைக் குடிக்கிறோம், மூச்சில் இழுக்கிறோம், சேற்றில் மிதிக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே நடவு நடுகிற பெண்கள் இதைப் படித்துவிட்டு வயலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலில்தான் இவை குடியேறுகின்றன. காசநோய் ஆறிய பிறகு நெஞ்சுக்குள் தழும்பும் குழியும் விரிந்துபோன மூச்சுக்குழாய்களும் மிஞ்சுகின்றன அல்லவா, அந்த இடங்கள் இவற்றுக்கு வசதி. நெடுநாள் புகைபிடித்தவர்கள், விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெட்டவர்கள், கல் உடைத்துத் தூசி தின்றவர்கள், எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்புச் சக்தி இழந்தவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து உண்டு.

அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் காசநோய் குறைந்துபோய் இன்று இந்த வகை நுரையீரல் நோயே அதைவிட அதிகமாகப் பேசப்படுகிறது. அங்கே இருமலோடு வருபவரிடம் மருத்துவர் இதையும் சந்தேகிப்பார். நம் நாட்டில் கதை வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் கிருமிச் சோதனையில் உறுதியானது. இவ்வளவு காசநோய் இருக்கும் இடத்தில், சளியில் கிருமி தெரிந்தால் அது காசநோய் என்று எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாமல் போகும் அந்தச் சிலர் எங்கே போகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

தவறு நடக்கும் இடம் நுண்ணோக்கி. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகளில் சாயம் போய்விடும். இந்தக் குடும்பத்தின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் சாயம் ஒட்டிக்கொண்டே இருக்கும். காசநோய்க் கிருமியும் அப்படித்தான், என்.டி.எம்.மும் அப்படித்தான். அண்ணன் தம்பியைப் பின்னாலிருந்து பார்ப்பது போல. எக்ஸ்ரே எடுத்தாலும் மேல் நுரையீரலில் அதே குழி, அதே வெள்ளைத் திட்டு. காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் எல்லாம் ஒன்றேதான்.

இப்போது அரசு மருத்துவமனைகளில் சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் வந்திருக்கின்றன. இவை காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடுபவை. ஆகவே தகட்டில் கிருமி தெரிகிறது, கருவியோ ‘இல்லை’ என்கிறது என்றால் அங்கேயே ஒரு மணி அடிக்க வேண்டும். நம் அக்காவின் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது: தகட்டில் ஒரு பிளஸ், கருவியில் இல்லை. பழைய காசநோயாளி என்ற ஒரு வரி அந்த மணியை அமுக்கிவிட்டது. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. அங்கே வரிசையில் நிற்கும் கூட்டத்தையும் அதைப் பார்க்கும் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறோம்.

இந்த நோய் ஏதோ நேற்று மேல்நாட்டிலிருந்து இறங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டு மண்ணில் இது இருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சேதி. அது தெரியவந்த கதையைச் சொல்ல வேண்டும்.

1968ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது, உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. பச்சைக் குழந்தை முதல் கிழவர் வரை ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சளி எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள்.

முடிவு உலகத்தை உலுக்கியது. இங்கிலாந்தில் நன்றாக வேலை செய்த தடுப்பூசி, இங்கே பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுக்கவே இல்லை. ஏன் என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் முக்கியமான ஒன்று என்.டி.எம். நம் மண்ணிலும் நீரிலும் உள்ள இந்தக் கிருமிகள் சிறுவயதிலேயே நம் உடம்போடு பழகிவிடுகின்றன, அதனால் தடுப்பூசி கூடுதலாகச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது அந்த விளக்கம். (பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது. தவறாமல் போடுங்கள்.)

அந்தப் பகுதியில் எடுத்த சளியில் என்னென்ன வகைக் கிருமிகள் இருந்தன என்பதைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பரமசிவனும் சக ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்டார்கள். என்.டி.எம். கிடைத்த விகிதம் 8.6 சதவீதம். சளியில் கிடைத்தவர்களுக்கெல்லாம் நோய் இருந்தது என்பதல்ல, வந்து போகும் விருந்தாளியாகவும் இருக்கலாம். 1994இல் அதே மையத்திலிருந்து கமலாவும் மற்றவர்களும் அந்த ஊர்களின் மண்ணிலும் தண்ணீரிலுமே இவற்றைக் கண்டெடுத்து எழுதினார்கள். அந்த மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. 1956இல் அது தொடங்கியபோது செய்த முதல் பெரிய வேலையும் ஏழைகளை வைத்துத்தான். சானடோரியத்தில் கட்டில் போட்டுப் பாலும் முட்டையும் கொடுத்து வைத்தியம் பார்த்தவர்களும், சென்னையின் நெருக்கடியான வீடுகளில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டவர்களும் ஒரே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959இல் அது காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணம்.

எங்கள் சிறுவயதில் திருச்சி சாலையில் செங்கிப்பட்டி என்று சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அங்கே காச மருத்துவமனை இருந்ததுதான் காரணம். அந்தப் பயம் எங்கள் தெருக்களை விட்டுப் போகவே பல காலம் ஆனது. முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது.

செங்கல்பட்டில் ஊசி போட ஆரம்பித்த அதே 1968இன் டிசம்பர் 25 இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் கொளுத்தப்பட்டார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் எங்களால் ஒன்றை நினைக்காமல் மற்றதைப் படிக்க முடியவில்லை. கூடுதலாகக் கொஞ்சம் நெல் கூலி கேட்டதுதான் அந்த மக்களின் போராட்டம். அந்த நெல்லுக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு உண்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையில் காட்டியிருக்கிறது: காசநோயாளி உள்ள வீடுகளில் மற்றவர்களுக்குச் சத்துள்ள உணவுப் பொருள்கள் கொடுத்தபோது, புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரை வயிற்றுக்காரனைத் தேடி முதலில் காசநோய் வருகிறது. அது விட்டுப்போன குழியில் பத்து வருடம் கழித்து என்.டி.எம். வருகிறது. ஒரே பசிக்கு இரண்டு வரி.

ஆகவே இது நம் தெருக்களின் விஷயம். திருவள்ளூர்க் கிராமத்துக் கூலிக்காரர்களின் சளியிலிருந்து இந்த அறிவு பிறந்தது. ஆங்கில ஆய்விதழ்களில் அச்சானது. அந்தச் சளியைத் துப்பிக் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகளுக்கு இன்றும் இந்தப் பெயர் தெரியாது. நாங்கள் சென்ற மாதங்களில் பேசிய பள்ளி, கல்லூரி மாணவர்களில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சீட்டைப் பார்க்கும் வரை நாங்களும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பெயர் தெரியாததால் என்ன நட்டம்? அக்காவுக்கு நடந்ததைப் பாருங்கள். காசநோயாளி என்று பதிவான வரை அவருக்கு மாத்திரை இலவசம். சத்துணவுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. (2024 நவம்பர் முதல் அது ஆயிரம்.) மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆள் வந்தார். ‘டிபி இல்லை’ என்று ஆனதும் பதிவு மூடப்பட்டது. பணமும் ஆளும் நின்றுபோயின. திட்டம் காசநோயை ஒழிக்க வந்தது, காசநோய் இல்லாதவரை அது ஏன் பார்க்க வேண்டும் என்பது நிர்வாகக் கணக்கில் சரிதான். இருமுகிறவரின் கணக்கில் அது சரியாக வரவில்லை. மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கிக் குடித்தே எட்டு மாதம் போனது. அதற்குள் இன்னும் ஆறு கிலோ குறைந்துவிட்டார்.

வைத்தியம் இல்லாத நோய் அல்ல இது. பொறுமை கேட்கும் நோய். அதிகம் காணப்படும் ஏவியம் வகைக்கு அசித்ரோமைசின், எத்தாம்பியூட்டால், ரிஃபாம்பிசின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகும் 12 மாதம் சாப்பிட வேண்டும். எத்தாம்பியூட்டால் கண்ணைப் பாதிக்கக்கூடும், பார்வை மங்கினால் உடனே சொல்ல வேண்டும். கன்சாசி என்ற வகை காசநோய் மருந்துகளுக்கே பெரும்பாலும் கட்டுப்படும். அப்செசஸ் என்ற வகை மிகப் பிடிவாதமானது, ஊசி மருந்தும் பல மாதமும் தேவைப்படும். காசநோய் மாத்திரைகள் அதனிடம் பலிப்பதில்லை. எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் நாற்றுப் பிடுங்குவது போலத்தான். சிலருக்கு உடனே மருந்தே தேவைப்படாது, மருத்துவர் கண்காணித்து வருவார்.

ஒரே ஒரு சளியில் என்.டி.எம். வளர்ந்துவிட்டால் அதை நோய் என்று முடிவு கட்டுவதில்லை. வாய் கொப்பளித்த தண்ணீரிலிருந்துகூட அது சளிக் குப்பிக்குள் வந்திருக்கலாம். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சளியிலாவது வளர வேண்டும், நெஞ்சுப் படத்திலும் அறிகுறி இருக்க வேண்டும், தொந்தரவும் இருக்க வேண்டும். ஆகவே சளி கொடுக்கும் காலையில் ஆறவைத்த வெந்நீரில் வாய் கொப்பளியுங்கள். எச்சிலைத் துப்பாமல் நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள்.

காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இதைப் படித்துவிட்டு ‘எனக்கும் அதுவாக இருக்குமோ’ என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் காசநோயாக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம், பாதியில் விட்டால் அது உயிரைக் குடிக்கும். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் சளியில் கிருமி போகவில்லை, எடை ஏறவில்லை என்றால் மாவட்டக் காசநோய் மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். சிபிநாட்டிலோ ட்ரூநாட்டிலோ காசநோய் உறுதியானதா? வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்களா? முடிவில் எந்த வகைக் கிருமி என்று வந்தது? முடிவுச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆத்தா அப்பாவின் சீட்டை ஒருமுறை எழுத்துக்கூட்டியாவது படித்துச் சொல்லுங்கள். மூன்று எழுத்துதான்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நம் ஊரில் நடக்கிறது. காசநோய் இறப்பைக் குறைக்க 2022இல் தனித் திட்டமே வந்தது. இவ்வளவு செய்யத் தெரிந்த மாநிலத்தில், ‘காசநோய் இல்லை’ என்று பதிவை மூடும் அதே நாளில் ‘என்.டி.எம். இருக்கிறது’ என்று இன்னொரு பதிவைத் திறப்பது முடியாத காரியமா? அந்த மூன்று மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கலாம். அதே ஆயிரம் ரூபாயை இவர்களுக்கும் நீட்டிக்கலாம். கூலிக்காரருக்குத் தஞ்சாவூர் போய்வரும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சேர்ந்தது.

இன்னொன்று, அது தெருவுக்குள் நாமே பேசிக்கொள்ள வேண்டியது. அக்கா வீட்டுத் திண்ணையில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் தட்டும் தனியாகக் கவிழ்த்துக் கிடந்தன. பதினோரு வருடத்துக்கு முன் ஒதுக்கியவை. இரண்டாம் முறை இருமல் வந்தபோது மறுபடியும் வெளியே வந்தன. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்துப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போன தெரு அது. எங்களில் சிலரும் அன்று கூடப் போயிருந்தோம். காசநோயே தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை, இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. என்.டி.எம்.மோ பொதுவாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. இதை அவர் மருமகளிடம் சொன்னபோது அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா புள்ளய அத்தைகிட்ட குடுக்காம இருந்திருப்பனா?” என்று கேட்டது.

இப்போது அக்கா ஒரு நெஞ்சக மருத்துவரிடம் காட்டி ஐந்து மாதமாக மூன்று மருந்தும் சாப்பிடுகிறார். மருந்துச் செலவில் ஒரு பகுதியைத் தெரு இளைஞர்கள் போடுகிறார்கள், மீதிக்குக் கம்மலை அடகு வைத்திருக்கிறார். மூன்று கிலோ ஏறியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. இருமல் காலையில் மட்டும். வருகிற திங்கட்கிழமை மறுபடியும் சளி கொடுக்க வேண்டும். போன வாரம் நாங்கள் போனபோது, தாளடிக்குக் களையெடுக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டார். டாக்டர் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாரே என்றோம்.

“ஒரு மாசம் கழிச்சா களை இருக்காது தம்பி” என்றார்.